கால்வாசி வெளிச்சம்

மூக்குக்கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைக்காதீர்கள் ஐயா. துணியில் இருக்கிற தூசியே கண்ணாடியைக் கீறிவிடும். என் கைப்பையில் லென்ஸ் துடைக்கிற தாள் இருக்கிறது. வாசலில் உங்கள் போலீஸ்காரர்கள் வாங்கி வைத்துக்கொண்டார்கள், கேட்டால் தருவார்கள். இந்த மாதிரி ஏதாவது கண்ணில் பட்டால் எனக்குச் சும்மா இருக்க முடியாது. அம்மாகூட என்னை, குற்றம் கண்டுபிடிக்கவே பிறந்தவள் என்பாள்.

நேற்று என் தம்பியைக் கூட்டிவந்து இந்த நாற்காலியில்தான் உட்கார வைத்தீர்களாம். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னான். ஆய்வகத்தில் தீப்பிடித்த அன்று மதியம் சுருட்டை இவனுக்குப் போன் செய்திருக்கிறான், இவனும் எடுத்திருக்கிறான். என்ன பேசினாய் என்று நீங்கள் கேட்டதற்கு, "சரியா ஞாபகம் இல்ல. அந்தத் திரவத்தைப் பெட்டிக்கு வெளிய வெச்சு ஊத்தச் சொல்லியிருந்தாலும் சொல்லியிருப்பேன்" என்றானாம். நீங்களும் அதை எழுதிக்கொண்டீர்களாம்.

அந்த வரியை அடித்துவிடுங்கள். அவன் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன். அதைச் சொல்லத்தான் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்தேன். கொஞ்சம் நீளமாகப் போகும். ஆற அமரக் கேட்டால் குழப்பம் வராது.

சுருட்டை என்பது அவன் பெயர் இல்லை, தலைமுடி. எந்தச் சீப்புக்கும் அடங்காது. ஆய்வகத்தில் சேர்ந்த முதல் நாளே என் தம்பி வைத்த பெயர் அது. பதிலுக்கு அவன் தம்பியை "பல்லி" என்று கூப்பிட ஆரம்பித்தான், ஒல்லியாகச் சுவரை ஒட்டியே நடப்பான் என்பதால். இரண்டு பேரும் ஒரே மேசை, ஒரே குடை. எங்கள் வீட்டில் சுருட்டைக்குத் தனித் தட்டே உண்டு. என்னை அக்கா என்பான், அம்மாவை அம்மா என்பான். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். முன்பின் தெரியாத ஒருவனுக்கு நான் எதுவும் செய்துவிடவில்லை.

அங்கே என்ன வேலை நடக்கிறது என்று தெரியாமல் நான் செய்தது உங்களுக்குப் புரியாது. கறுப்பாக ஒரு படலம் செய்வார்கள். மாலிப்டினமும் கந்தகமும் சேர்ந்தது. சீட்டுக்கட்டு மாதிரி அடுக்கடுக்காக இருக்கும். ஒவ்வொரு சீட்டும் மூன்றே அணு கனம்தான், நடுவில் மாலிப்டினம், மேலும் கீழும் கந்தகம். சாதாரணமாக அது மின்சாரத்தை மனசில்லாமல்தான் உள்ளே விடும். மேல்வரிசைக் கந்தகம் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்துவிட்டால் அதே பொருள் உலோகம் மாதிரி ஆகிவிடும், மின்சாரம் தாராளமாக ஓடும். ஓர் அணுகூடச் சேரவில்லை, குறையவில்லை. வகுப்பில் பிள்ளைகள் இடம் மாறி உட்கார்ந்த மாதிரிதான். ஆனால் வகுப்பே வேறு வகுப்பாகிவிடும்.

அந்த உலோக நிலையில் இருக்கும் படலத்தை வைத்து மின்தேக்கி செய்யலாம். நிறுத்தத்தில் ஆட்கள் ஏறி இறங்குகிற நேரத்துக்குள் ஒரு பஸ்ஸுக்குச் சார்ஜ் ஏற்றிவிட வேண்டும் என்பது பெரியவருடைய ஆசை. பெரியவர் என்பது எங்கள் தலைவர். இதில் இரண்டு தலைவலி உண்டு. முதலாவது, கந்தகத்தை நகர வைக்க அடுக்குகளுக்கு நடுவில் லித்தியத்தைப் புகுத்த வேண்டும். லித்தியம் கொடுக்கிற திரவம் காற்றுப் பட்டாலே பற்றிக்கொள்ளும். அதனால் காற்றை வெளியேற்றி ஆர்கான் வாயு நிரப்பிய கண்ணாடிப் பெட்டிக்குள், அதிலேயே பொருத்திய கையுறைக்குள் கையை விட்டுத்தான் அதைத் தொடுவார்கள். இரண்டாவது, அவ்வளவு பாடுபட்டுச் செய்த உலோக நிலை அங்கே தங்காது. லேசாகச் சூடுபட்டால் போதும், பழைய இடத்துக்கே திரும்பிவிடும். பட்ட பாடெல்லாம் வீண்.

திரும்பிவிட்டதா இல்லையா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. இரண்டும் கறுப்புதான். அதைச் சொல்வது என் கருவி. லேசர் வெளிச்சத்தைப் படலத்தின்மேல் ஒரு புள்ளியில் பாய்ச்சி, சிதறி வருகிற வெளிச்சத்தை கிராப்பாகப் போட்டுத் தரும். பழைய கருவி. வெளிச்சத்தைக் குறைக்க ஒரு சக்கரம், அதில் கறுப்புக் கண்ணாடிகள் பதித்திருக்கும். கையால்தான் திருப்ப வேண்டும், அது எங்கே நிற்கிறது என்று கணினிக்குத் தெரியாது. தினமும் காலையில் முதலில் ஒரு சிலிக்கான் துண்டை வைத்துக் கருவியைச் சரிபார்ப்பேன். சிலிக்கான் முரட்டுப் பொருள், அதற்குக் கால்வாசி வெளிச்சம் வைப்பேன். பிறகு சக்கரத்தை நூறில் ஒரு பங்குக்குத் திருப்பிவிட வேண்டும். கறுப்புப் படலத்துக்கு அதற்குமேல் ஆகாது. கால்வாசி வெளிச்சத்தை அதன்மேல் பாய்ச்சினால், பட்ட புள்ளியில் சூடேறி உலோக நிலை அந்த இடத்தில் மட்டும் கலைந்துவிடும். தழும்புகூட விழாது. கலைத்ததும் நாமே, கலைந்துவிட்டது என்று கிராப் போட்டுக் கொடுப்பதும் நாமே. எனக்கு இது அனுபவத்தில் தெரியும்.

இப்போது தம்பி விஷயத்துக்கு வருகிறேன்.

அவன் ஒரு வழி கண்டுபிடித்தான். லித்தியம் புகுத்தின படலத்தை ஒரு தனிப் பக்குவத்தில் கழுவினால் உலோக நிலை மாதக்கணக்கில் அப்படியே நிற்கிறது என்றான். மின்தேக்கி செய்து ஓட்டிக் காட்டினான், சொன்னபடியே ஓடியது. பெரியவர் அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். அம்மா பக்கத்து வீட்டிலெல்லாம் போய், என் மகன் பஸ் ஓட்டப்போகிறான் என்று சொல்லிவிட்டு வந்தாள். சுருட்டை இதைக் கேட்டுவிட்டு, "பல்லி, எனக்கு ஒரு டிக்கெட் போடுடா" என்று வாரக்கணக்கில் ஓட்டினான்.

பிறகு வெளியிலிருந்து நிபுணர்கள் வந்து உட்கார்ந்த ஒரு கூட்டம். தம்பி பேசி முடித்தான். கைதட்டினார்கள். சுருட்டை எழுந்தான். முகம் வெளுத்திருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன், அவன் சந்தோஷமாக எழுந்திருக்கவில்லை.

"தப்பா எடுத்துக்காதடா. இதே படலத்துக்குப் புதுசா எடுத்த கிராப்பை நான் கணினியில பார்த்தேன். அதுல உலோக நிலையே இல்ல. நீ பழைய கிராப்பை மட்டும் காட்டுற. ஏன்?"

"மின்தேக்கி நல்லா ஓடுதே. நிலை கலைஞ்சிருந்தா எப்படி ஓடும்? புது கிராப்ல ஏதோ தப்பு இருக்கணும்."

"கருவி பொய் சொல்லாதுடா. அதுவும் அக்கா கையில."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். தம்பியும் பார்த்தான். பெரியவர், அப்படித்தானா என்று புருவத்தால் கேட்டார். கருவி ஆட்கள் கூட்டத்தில் வாய் திறக்கிற வழக்கம் எங்கள் இடத்தில் இல்லை. நான் தலையை ஆட்டினேன்.

சாதகமான கிராப்பைக் காட்டிவிட்டுப் பாதகமானதை மறைத்தான் என்று அவனை வெளியே அனுப்பினார்கள். அதற்கப்புறம் அவனுக்கு எங்கேயும் வேலை கிடைக்கவில்லை. அந்தத் துறையில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். அறைக்குள் போனவன் போனவன்தான். ஜன்னல் திரை எந்நேரமும் மூடியே கிடக்கும். சாப்பாட்டுத் தட்டை அம்மா வாசலில் வைத்துவிட்டு வருவாள். பாதி நாள் தட்டு அப்படியே திரும்பி வரும். ஒருநாள் நான் உள்ளே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "அக்கா, ஒருவேளை நான் ஏமாத்தித்தான் இருப்பேனோ? எனக்கே தெரியாம? எல்லாரும் சொல்றாங்களே" என்றான். சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டான். அதற்குப் பிறகு அடுப்பை அணைத்தோமா என்பதுகூட அவனுக்குச் சந்தேகம்தான், மூன்று தடவை போய்ப் பார்ப்பான்.

அப்படிப்பட்டவன் உங்களிடம், சொல்லியிருந்தாலும் சொல்லியிருப்பேன் என்றதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? நீங்கள் அவனைக் கொலைகாரன் என்று அடித்துச் சொன்னால் அவன் நம்பிவிடுவான்.

என் வயிறு எரிந்தது ஐயா. பெற்ற பிள்ளை உயிரோடு அறைக்குள் கிடப்பதைப் பார்த்து அம்மா சத்தமில்லாமல் அழுவாள், அதைக் கேட்டுக்கொண்டுதான் நான் தினமும் வேலைக்குக் கிளம்புவேன். அங்கே போனால் தம்பி நாற்காலியில் சுருட்டை. தம்பி கண்டுபிடித்த கழுவுகிற முறையை மேலே கொண்டுபோகும் பொறுப்பைப் பெரியவர் அவனிடமே கொடுத்திருந்தார். ஓரிரு தடவை பழம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். வாசலிலேயே நிற்க வைத்துத் திருப்பி அனுப்பினேன். ஆய்வகத்தில் மட்டும் எப்போதும்போலச் சிரித்துப் பேசினேன். எல்லாவற்றையும்விட எனக்குத் தாங்கமுடியாமல் இருந்தது அவன் அன்றைக்கு என்னைப் புகழ்ந்ததுதான். அவன் என்னைத் திட்டியிருந்தால்கூட மன்னித்திருப்பேன்.

ஒருநாள் காலையில் சிலிக்கான் துண்டைச் சரிபார்த்து முடித்தேன். சுருட்டை அவனுடைய முதல் படலத்தைக் கொண்டுவந்து வைத்தான். சக்கரத்தில் கை வைத்தேன். திருப்பவில்லை. அவ்வளவுதான் நான் செய்தது. மற்றவர்கள் படலம் வந்தால் ஒழுங்காகத் திருப்புவேன், அவர்கள்மேல் எனக்கு என்ன கோபம்?

கிராப்பைப் பார்த்ததும் அவன் முகத்தில் ஈயாடவில்லை. திரும்பப் போய்ச் செய்துகொண்டு வந்தான். திரும்பவும் அதே கிராப். மின்தேக்கி மட்டும் நன்றாக ஓடியது. ஓடத்தானே செய்யும், நான் கலைத்தது ஊசிமுனை அளவுகூட இல்லாத இடத்தைத்தான். மிச்சப் படலம் முழுக்க உலோகமாகவே இருந்தது.

"மின்தேக்கி ஓடுதுக்கா. ஆனா உங்க கருவி கலைஞ்சுபோச்சுங்குது. எனக்குப் பைத்தியம் பிடிச்சிடும் போலிருக்கு."

"கருவி பொய் சொல்லாதுப்பா" என்றேன்.

அதைச் சொன்னபோது எனக்கு இருந்த நிம்மதியை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. நாக்கில் தேன் தடவின மாதிரி இருந்தது. அவன் சொன்ன வாக்கியம், அவனுக்கே திருப்பிக் கொடுத்தேன். அவனுக்கும் அது உறைத்திருக்க வேண்டும். பிறகு, வேறு ஊர் ஆய்வகத்துக்கு அனுப்பி அளந்து பார்க்கலாமா என்று கேட்டான். வழியில் சூடுபட்டுக் கலைந்தே போய்விடும், அதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்றேன். நல்ல பிள்ளை, ஒத்துக்கொண்டான்.

பஸ் கம்பெனிக்காரர்கள் நேரில் வந்து பார்க்கப்போவதாகத் தேதி குறித்தார்கள். பெரியவர் அவனைக் கண்ணில் விரல் விட்டு ஆட்டினார். அவனும் ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் லித்தியம், இன்னும் கொஞ்சம் நேரம் என்று ஏற்றிக்கொண்டே போனான். சாப்பிடப் போகமாட்டான். தாடி வளர்ந்தது. நடக்கும்போது சுவரை ஒட்டி நடக்க ஆரம்பித்தான். அதைப் பார்த்த அன்று, இது போதும், நாளையிலிருந்து சக்கரத்தைத் திருப்பிவிடலாம் என்று எனக்கே தோன்றியது. வீட்டுக்குப் போனேன். தம்பியின் தட்டு வாசலிலேயே ஈ மொய்க்கக் கிடந்தது. மனசை மாற்றிக்கொண்டேன்.

தீப்பிடித்த அன்று மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் வந்தான். கையில் படலம், கண்ணில் கொஞ்சம் நம்பிக்கை. இதுதான் கடைசி, இதிலும் வரவில்லையென்றால் எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவேன் என்றான். அளந்து கொடுத்தேன், கால்வாசி வெளிச்சத்தில்தான். கிராப்பைப் பார்த்துவிட்டு என் பக்கத்து ஸ்டூலில் சரிந்து உட்கார்ந்தான்.

"லித்தியம் பத்தலையோ என்னவோ" என்றேன். "ஒரே தடவையா நிறைய ஊத்திப் பாரேன்."

"பெட்டி இன்னிக்கு வேற ஆளுக்குக்கா. எனக்கு நாளைக்குத்தான் முறை. நாளைக்கு அவங்க வந்துடுவாங்க."

"என் தம்பி பெட்டிக்கெல்லாம் காத்திருக்க மாட்டான். வெளியவே வெச்சு, ஆர்கானை மேல ஊதவிட்டுக்கிட்டே ஊத்திடுவான். அதனாலதான் அவனுக்கு நல்லா வந்துச்சோ என்னமோ."

இது சுத்தப் பொய். என் தம்பி அந்தத் திரவக் குப்பியைப் பெட்டிக்கு வெளியே வைத்துத் திறந்ததே இல்லை. சுருட்டைக்கும் அரைமனசுதான். அதனால்தான் அவனுக்குப் போன் செய்து கேட்டிருக்கிறான். தம்பி எடுத்திருக்கிறான், குரலைக் கேட்டதும் ஒரு வார்த்தை பேசாமல் வைத்திருக்கிறான். அதைத்தான் அவன் இப்போது ஏதோ சொல்லிவிட்டதாக நினைத்துக் குழம்புகிறான். பேசாமல் வைத்தான் என்று சுருட்டையே என்னிடம் வந்து சொன்னான், "இன்னும் கோவம் தீரலக்கா அவனுக்கு" என்று. நான் அடுத்தவருடைய படலத்தைக் கருவியில் வைத்தேன். அவன் போய்க் குப்பியை எடுத்தான்.

சத்தம் எனக்குக் கேட்டது. என் அறைக்கும் அந்த அறைக்கும் நடுவில் ஒரு சுவர்தான். முதலில் கண்ணாடி உடைகிற சத்தம், பிறகு அவன் சத்தம். அந்தத் தீயில் தண்ணீரை ஊற்றினால் இன்னும் எழும்பும், உலர்ந்த மணலைத்தான் கொட்ட வேண்டும். மணல் வாளி என் அறை வாசலில்தான் இருக்கும், அதைப் போட ஒழுங்காகப் பயிற்சி எடுத்தவளும் நான்தான். ஆனால் அப்போது வேறொருவருடைய அளவெடுப்பு ஓடிக்கொண்டிருந்தது. பாதியில் எழுந்தால் வீணாகிவிடும். முடிந்ததும் எழுந்து போனேன். அதற்குள் மற்றவர்கள் ஓடிவந்து தண்ணீரை ஊற்றியிருந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் சில நாள் இருந்தான். நான் போய்ப் பார்த்தேன், போகாவிட்டால் நன்றாக இருக்காது. தலைமுடி எல்லாம் போய்விட்டது, ஆளே அடையாளம் தெரியவில்லை. என்னைப் பார்த்ததும் பேச வேண்டும் என்று சைகை காட்டினான். காதைப் பக்கத்தில் கொண்டுபோனேன்.

"பல்லிகிட்ட சொல்லிடுங்கக்கா. எனக்கும் அதே மாதிரிதான் வந்துச்சு. அவன் ஏமாத்தல. அவன் சொன்னதுதான் சரி. உங்க கருவியில ஏதோ கோளாறு. பாவம், உங்களுக்குத் தெரியாம நடந்திருக்கு. ஒருதடவை சரிபாருங்க."

சரிப்பா, சொல்லிவிடுகிறேன் என்றேன். மறுநாள் போய்விட்டான்.

இப்போது நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறீர்கள். கால்வாசி வெளிச்சத்தில் அந்தப் படலம் கலையும் என்பது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கப்போகிறீர்கள். நியாயமான கேள்விதான்.

தம்பி அந்தப் படலங்களைச் செய்த சமயத்தில்தான் கருவி என் கைக்கு வந்தது. முன்பு இருந்தவர் ஓய்வு பெற்றுவிட்டார். அவர் எடுத்துக் கொடுத்ததுதான் பழைய கிராப், புதியவை நான் எடுத்தவை. காலையில் சிலிக்கானைச் சரிபார்த்துவிட்டு, கை பழகாததால், சக்கரத்தைத் திருப்ப மறந்து அப்படியே தம்பியின் படலங்களை வைத்துவிட்டேன். கிராப்பைப் பார்த்துவிட்டு அவன், இன்னொரு தடவை எடுத்துப் பார்க்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். எனக்குச் சுரீரென்றது. அக்கா வேலையிலேயே நொட்டை சொல்கிறாயா என்று கேட்டேன். அதற்குப் பிறகு அவன் கேட்கவே இல்லை. மறந்தது எனக்குத் தெரிய வந்தது கூட்டத்துக்கு முந்தின வாரம். அன்றிலிருந்து ஒழுங்காகத் திருப்பினேன். அதுவரை நான் தப்பாக எடுத்த கிராப்புகளை யார் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டேன். சுருட்டை பார்த்துத் தொலைத்தான். பார்த்ததை என்னிடம் தனியாக வந்து கேட்டிருந்தால் எதுவும் நடந்திருக்காது. அத்தனை பேர் முன்னால் என்னைச் சாட்சிக்கு இழுத்தால் நான் என்னதான் செய்வேன்? என் தம்பியைக் கெடுத்தவன் அவன்தான். இதில் எனக்கு அன்றும் சந்தேகம் இல்லை, இன்றும் இல்லை.

எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். சுருட்டைக்கு நான் செய்ததைத் தம்பியிடம் தாராளமாகச் சொல்லுங்கள். அவனுக்காகத்தான் செய்தேன் என்று தெரியட்டும். சக்கரத்தை முதலில் மறந்த கதையை மட்டும் அவனுக்குப் படித்துக் காட்டாதீர்கள், சுருட்டை கடைசியாகச் சொல்லி அனுப்பியதையும்தான். அவன் மனசு தாங்காது. இந்த உலகத்தில் அவன் இன்னும் நம்புகிற ஒரே ஆள் நான்தான் ஐயா.